தலையை எண்ணாதே, நிமிடத்தை எண்ணு!

தோழர்களே,

அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். மழை பிடித்துக்கொண்டால் ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் பர்கூரிலும் ஓடைக்கு அக்கரையில் இருக்கிற ஊர் அக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அதற்குள் நாம் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கையில் கடிகாரத்தோடு ஊர் ஊராக நடக்க வேண்டும். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். ஆசிரியத் தோழர்களுக்குக் காலாண்டு விடுமுறை வருகிறது, அதை எங்களுக்குக் கொடுங்கள். மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

என்ன வேலை, ஏன் இந்த அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துணை சுகாதார நிலையம் எங்கே வர வேண்டும் என்பதை இந்த நாட்டில் தலைக்கணக்குதான் தீர்மானிக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சமவெளியில் 30,000, மலையில் 20,000. படித்தால் மலைக்குச் சலுகை காட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பது வீடு, இருநூறு சனம் என்றிருக்கிற குக்கிராமங்கள் பதினைந்து சேர்ந்தால்தான் 3,000 வரும். சமவெளியில் 5,000 பேர் ஒரே ஊராட்சியில், ஒரே தார்ச்சாலை ஓரத்தில் இருப்பார்கள். மலையில் அந்தப் பதினைந்து ஊர் இரண்டு மூன்று முகடு தாண்டிக் கிடக்கும். நடுவில் பள்ளத்தாக்கு, ஓடை, யானைத்தடம். நிலையம் ஏதோ ஒரு ஊரில் வந்துவிடுகிறது. எண்ணிக்கை சரியாகிவிட்டது, கோப்பு மூடப்பட்டது. மிச்சம் பதினான்கு ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள்.

தூரத்தைக் கணக்கில் எடுக்க அரசுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாக்காளர் யாரும் ஓட்டுப்போட 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அதற்காகத் தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரம் ஏறுகிறது. தேர்தல் தவறாமல் அந்தப் படம் பத்திரிகைகளில் வருகிறது, நாமும் சனநாயகத்தின் பெருமை என்று பார்த்து ரசிக்கிறோம். ஆரம்பப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. ஓட்டுக்குத் தூரக் கணக்கு, பள்ளிக்கூடத்துக்குத் தூரக் கணக்கு, பிரசவ வலி எடுத்தவளுக்கு மட்டும் தலைக்கணக்கு! இது எந்த ஊர் நியாயம்?

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. மத்திய சுகாதார அமைச்சகமே ஒரு புதிய அளவுகோலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடைக்குள் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது அது. சிகிச்சைக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தை வைத்து நிலையத்தைத் திற என்கிறது. அருமை. யாருக்கு? மலை மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கும் பாலைவனப் பகுதிகளுக்கும். தமிழ்நாடு மலை மாநிலம் இல்லையாம். மலை இருக்கிறது, மலைமேல் மக்கள் இருக்கிறார்கள், ஆனால் வகைப்பாட்டில் நாம் சமவெளி மாநிலம். ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் சுற்றுலாத் துறை வைக்கிற விளம்பரப் பலகை சுகாதாரத் துறையின் கண்ணில் படவில்லைபோல.

நம் கோரிக்கை ஒரே வரிதான் தோழர்களே. அந்த 30 நிமிட அளவுகோல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மலைக் குடியிருப்புக்கும் பொருந்த வேண்டும். தலையை எண்ணாதே, நிமிடத்தை எண்ணு! சுவரில் எழுத வேண்டியது இது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

இதைச் சொன்னதும் நம்மைப் பார்த்து எண்களை எடுத்து வீசுவார்கள். எதிர்கொள்ளத் தயாராக இருங்கள். தமிழ்நாடு பொது சுகாதாரத்தில் முன்னோடி என்பது உண்மை, அதை நாம் மறுக்க வேண்டாம். 2018-20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு நாடு முழுதும் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. சிசு மரணம் 2020-இல் நாட்டில் ஆயிரத்துக்கு 28, இங்கே 13. மருத்துவமனைப் பிரசவம் நூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சுமார் 8,700 துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கிப் பகிரும் முறையைப் பார்க்க மற்ற மாநிலங்கள் இங்கே ஆள் அனுப்பின. இவற்றுக்குப் பின்னால் கிராம சுகாதார செவிலியர்கள் பல்லாண்டு நடந்த நடை இருக்கிறது. அது நம் சொத்து. விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் சராசரியின் சூழ்ச்சியைப் புரிந்துகொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். மாநிலத்தில் 1.1 சதவீதம். நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவர் வீட்டில் எத்தனை சாவு விழுந்தாலும் மாநிலச் சராசரி அசையாது. 54 என்ற எண்ணில் சென்னையும் கோவையும் இருக்கின்றன, கன்னியாகுமரி இருக்கிறது. கல்வராயன் மலை அதில் கரைந்துபோய்விட்டது. மாவட்டக் கணக்கும் போதாது. கள்ளக்குறிச்சி மாவட்டச் சராசரி மலைமேல் இருப்பவரையும் அடிவாரத்தில் இருப்பவரையும் ஒன்றாகக் கலக்கிவிடும். எங்களுக்குக் குக்கிராமக் கணக்கு வேண்டும். அது யாரிடமும் இல்லை. அதனால்தான் நாமே எடுக்கப்போகிறோம்.

2022 சனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. நீலகிரி, நாமக்கல், கள்ளக்குறிச்சி, திண்டுக்கல், கிருட்டிணகிரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மலை உள்ள மாவட்டங்கள்தான். மகிழ்ச்சி. ஆனால் நீலகிரியைத் தவிர மற்ற இடங்களில் கல்லூரி இருப்பது கீழே. பெரிய ஆஸ்பத்திரி அடிவாரத்துக்கு வந்துவிட்டால் மலையின் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தூளி தூக்கிப் பார்க்க வேண்டும்.

தூளி தூக்குவது எப்படி என்று கீழே இருக்கிற தோழர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். இருப்பதில் கனமான போர்வையை எடுப்பார்கள். கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்கும். இரண்டு முனையையும் முறுக்கி முற்றிய மூங்கிலில் கட்டுவார்கள். மூங்கில் பச்சையாக இருந்தால் வளைந்து நோயாளியின் முதுகு கல்லில் இடிக்கும், காய்ந்திருந்தால் முறியும். அதனால் பல ஊர்களில் இதற்கென்றே ஒரு கழியை வெட்டிக் கூரைக்கடியில் செருகி வைத்திருப்பார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வார்கள், அப்படியும் தோல் உரியும். எட்டுப் பேராவது போனால்தான் ஆள் மாற்றலாம். மாற்றும்போது தூளியைத் தரையில் வைக்க மாட்டார்கள். நடந்துகொண்டே ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குக் கழி நழுவும், அது பழகிய கைகளுக்குத்தான் வரும். இறக்கத்தில் முன்னால் இருப்பவருக்குப் பாரம், ஏற்றத்தில் பின்னால் இருப்பவருக்கு. இரவென்றால் ஒருவர் டார்ச்சோடு முன்னே போய் யானை நிற்கிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ ஒரு தூக்கில் சாமைக்கஞ்சியோடு ஓட்டமும் நடையுமாக வருவார். உள்ளே கிடப்பவள் பேசிக்கொண்டே வர வேண்டும், பேச்சு நின்றால் எல்லோருக்கும் கால் பின்னும்.

108 என்று கேட்பீர்கள். 2008-இல் வந்தது, லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, ஓட்டுநர்களும் உதவியாளர்களும் நமது தோழர்கள். ஆனால் 108 ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான். அதைக் கூப்பிடவே சிக்னல் வேண்டும். சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஒருவர் ஓட வேண்டும். பாறையிலிருந்து போன் போட்டுவிட்டுத் திரும்பி வந்து தூளியைக் கட்டி நடந்து ரோட்டுக்கு வந்து வண்டிக்குக் காத்திருக்கிற நேரம் எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை. அழைப்பு வந்த நொடியிலிருந்து வண்டி வந்த நொடி வரைக்கும்தான் அவர்கள் கடிகாரம் ஓடும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பி வரும்போது ரோடு இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. தாய் அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தார். அந்தக் காட்சி நாடு முழுதும் பரவிய பிறகுதான் அதிகாரிகள் மலையேறினார்கள். கல்வராயனிலும் இதே கதை. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான் அந்த மலைக்கு ரோடு இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கேட்டது. பிணம் விழுந்தால்தான் மலை தெரியும் என்ற இந்த வழக்கத்தை முறிக்க வேண்டும் தோழர்களே!

பாம்புக்கடியை மட்டும் எடுத்துக்கொண்டாலே அரசியல் தெரிந்துவிடும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து விஷமெடுத்துக் கொடுக்கிறவர்கள் பழங்குடி மக்கள். 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அறிவித்தது, நல்ல முடிவு. ஆனால் கட்டுவிரியன் கடித்தால் கடித்த இடத்தில் வலியே இருக்காது. தூக்கத்தில் கடித்துவிட்டுப் போகும். கண்ணிமை தொங்க ஆரம்பித்த பிறகு மூச்சுத்திணற அதிக நேரம் ஆகாது. மருந்து 30 நிமிடத்தில் இருந்தால் ஒரு கதை, மூன்று மணி நேரத்தில் இருந்தால் வேறு கதை. மலைக்காரன் மந்திரிக்கப் போகிறான், மூடநம்பிக்கை என்று கீழே இருந்து பேசுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். மந்திரிப்பவர் பத்து நிமிடத்தில் இருக்கிறார். டாக்டர் மலைக்குக் கீழே இருக்கிறார். உங்கள் பிள்ளையாக இருந்தால் முதலில் எங்கே ஓடுவீர்கள்?

சாவை மட்டும் பேசினால் ஆரம்ப சுகாதாரத்தைப் பேசியதாகாது. சாவு செய்தியில் வரும், மாத்திரை தீர்ந்துபோவது வராது. சுகர், பி.பி. இரண்டும் மலைக்கு வந்து வெகுகாலமாகிறது. ரேசன் அரிசி வந்தது, சாமையும் தினையும் குறைந்தன, சர்க்கரை ஏறியது. மாத்திரை வாங்க ஒரு அம்மா கீழே இறங்கினால் அன்றைக்குக் கூலி போச்சு. பிக்கப் வண்டிக்குப் போக வரக் காசு. வரிசையில் நின்று சீட்டு வாங்குவதற்குள் கடைசி வண்டி கிளம்பிவிட்டால் இரவு யார் வீட்டுத் திண்ணையிலாவது கிடக்க வேண்டும். இரண்டு மாதம் இப்படிப் போவார். மூன்றாவது மாதம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார். அடுத்து அவரைத் தூளியில்தான் இறக்குவோம், ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு. பக்கவாதத்துக்கான கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் பாதி மூங்கில் கழியிலேயே போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வரும் என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்தப் பெயருக்கு ஏற்ப, தேடினால்தான் கிடைக்கும் இடங்களில் இருக்கிற மக்களை முதலில் தேடச் சொல்வோம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிராம சபையில் எழுந்து நர்ஸம்மாவைத் திட்டாதீர்கள். நம்மில் சிலருக்கு அது பழக்கமாகிவிட்டது, கைதட்டலும் கிடைக்கிறது. அவர் ஏன் நிலையத்தில் தங்குவதில்லை என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தைப் போய்ப் பாருங்கள். ஊருக்கு வெளியே, யாருக்கும் ஆகாத புறம்போக்கில் கட்டியிருப்பார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது. கூரை ஒழுகும். தாழ்ப்பாள் உருப்படியாக இருக்காது. அங்கே ஒற்றைப் பெண் இரவில் தங்க வேண்டும் என்பவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்புவார்களா? பதினைந்து ஊரை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, அவள் வரவில்லை என்று நமக்கும் அவளுக்கும் சண்டை மூட்டிவிடுவது அரசுக்கு வசதியான ஏற்பாடு. நர்ஸம்மாவின் குடியிருப்புக்குச் சுவரும் தண்ணீரும் விளக்கும் கேட்பது நம் கோரிக்கையின் ஒரு பகுதி. அவருக்குப் பதிவேடு எழுதுவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது, அதையும் கேளுங்கள்.

டாக்டர்கள் விசயம் சற்று வேறு. மலையில் வேலை செய்தால் மேற்படிப்புச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் என்ற ஏற்பாட்டால் இளம் மருத்துவர்கள் மலைக்கு வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, அதைக் காக்க அரசு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடியிருக்கிறார்கள். ஆனால் மேற்படிப்பு கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள், அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலி. அதனால் மலையின் நிரந்தரப் பணியாளர் மலையின் பிள்ளையாகத்தான் இருக்க முடியும் என்பது என் கருத்து.

முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் அங்கே ஒரு ஓலைக்கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, காயத்துக்குத் தையல் போடுவது, நிமோனியாவைக் குழந்தையின் மூச்சை எண்ணிக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் கற்றார்கள். அவர்கள் வேலையை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஊர். கூடலூரில் 1990-இல் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியபோதும் அதே வழிதான். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் பெண்களே செவிலியர் ஆனார்கள். அங்கே அரிவாள் அணு ரத்தசோகையை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு மாதாமாதம் மருந்தும் கவனிப்பும் கிடைக்கிறது. தனியார் தொண்டைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துகொள்ள இதைச் சொல்லவில்லை. இரண்டு டாக்டர்களால் ஓலைக்கொட்டகையில் முடிந்ததை வரிப்பணமும் அதிகாரமும் வைத்திருக்கிற அரசு ஏன் ஒவ்வொரு மலையிலும் செய்யவில்லை என்று கேட்கச் சொல்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த மலைப்பெண்கள் வேலையில்லாமல் கேரளத்துத் தோட்டங்களுக்கு மிளகு பறிக்கப் போகிறார்கள். அவர்களுக்குச் செவிலியர் பயிற்சியில் இடம் ஒதுக்கு, படித்து முடித்ததும் சொந்த மலையில் வேலை கொடு என்பது இரண்டாவது கோரிக்கை.

அடுத்து, வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை என்ற பதில். இதைத்தான் நமக்கு எப்போதும் தருகிறார்கள். நிலையம் கட்ட இடமில்லை, எல்லாம் காப்புக்காடு, டெல்லிக்குக் கோப்பு போயிருக்கிறது என்பார்கள். இனி இந்தப் பதிலைக் கேட்டு யாரும் திரும்பி வரக் கூடாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருந்தகம் அல்லது மருத்துவமனை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, சாலை, சமூகக்கூடம் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. இவற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் 1 எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிகிற வேலை, டெல்லிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. சுவிட்ச் நம் கையில் இருக்கிறது தோழர்களே, கிராம சபைதான் அந்தச் சுவிட்ச்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஊராட்சியின் கிராம சபை தலைக்கிராமத்தில் நடக்கும். ரோடு இருக்கிற ஊர் அது. ரோடு இல்லாத ஊர்க்காரர் அங்கே வந்து சேரவே அரை நாள் ஆகும், அதற்குள் கையெழுத்து வாங்கி டீ குடித்து முடித்திருப்பார்கள். ஆனால் வன உரிமைச் சட்டத்தின் கிராம சபையைக் குக்கிராம அளவில் கூட்ட வேண்டும் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதலே சொல்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். ஐம்பது வீட்டு ஊரில் இதைக் கூட்டுவதா சிரமம்? அதனால் இரண்டு கூட்டம் நடக்க வேண்டும். ஊராட்சிக்கு இப்போதே மனு கொடுத்து குக்கிராமத்தில் ஒன்று, அக்டோபர் 2 அன்று தலைக்கிராமத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே தீர்மானம்.

சாலை விசயத்தில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, மூடி மறைக்க வேண்டியதில்லை. சாலை வந்தால் ரிசார்ட்டும் சாராயமும் மரம் கடத்துகிற லாரியும் வரும் என்று சூழலியல் தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. சில ஊர்ப் பெரியவர்களே தார்ச்சாலை வேண்டாம், ஜீப் வருகிற மண்பாதை போதும் என்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியது அந்த ஊர். எட்டு வழிச்சாலை கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் மலைவாசி இயற்கையோடு இயைந்து வாழ்பவன் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதிவிட்டு, அவன் பிள்ளையை மூங்கிலில் கட்டித் தூக்குவதைப் பண்பாடாகப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. சாலையை ஊர் விரும்பாத இடத்தில் நிலையமும் நர்ஸம்மா வீடும் செல்போன் கோபுரமும் முதலில் வரட்டும். சாலை பிறகு பேசிக்கொள்ளலாம். எங்கே சாலை கேட்கிறார்களோ அங்கே இரண்டும் வேண்டும்.

இன்னொரு வாதமும் வரும். இருநூறு பேருக்காக இவ்வளவு செலவா, கீழே இடம் கொடுக்கிறோம், இறங்கி வந்துவிடுங்கள் என்பார்கள். பதில் சொல்லித் தொண்டையை வறட்டிக்கொள்ளாதீர்கள். இருநூறு பேர் ஓட்டுக்குக் கழுதை வாடகை கொடுத்தீர்களே என்று மட்டும் கேளுங்கள்.

1946-இல் இந்தியாவின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு, சிகிச்சை மக்களுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. 1978-இல் ஆல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி எல்லோருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்று கையெழுத்துப் போட்டன. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இலேயே ஒரு விதியை எழுதினார்: எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகக் கிடைக்கும், சந்தை நுழைந்த இடத்தில் இது இன்னும் மோசமாகும். அவரும் ஒரு தோழர்தான். அவர் எழுதியதை நிரூபிக்க நம் மலைகளைத் தவிர வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இனி வேலை.

ஒரு குக்கிராமத்துக்கு மூன்று பேர். அதில் ஒருவர் அந்த ஊர்க்காரராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். ஊரின் கடைசி வீட்டு வாசலிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள், முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். நிறைமாதக் கர்ப்பிணி நடக்கிற வேகத்தில் நடங்கள். கல்லூரிப் பையன் ஓட்டமெடுத்து இருபது நிமிடம் என்று எழுதினால் அந்தத் தாள் குப்பைக்குத்தான் போகும். துணை சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை, 108 வந்து நிற்கிற இடத்துக்கு எத்தனை, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு எத்தனை என்று நான்கு எண். வழியில் எத்தனை ஓடை, மழையில் எது பெருகும் என்பதை ஊர்க்காரர் சொல்வார், எழுதிக்கொள்ளுங்கள். நிலையத்துக்குப் போனதும் கதவு திறந்திருந்ததா, தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பு எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள், சண்டை வேண்டாம். கடைசியாக ஊரில் உட்கார்ந்து கடந்த ஒரு வருடத்தில் யார் யாரைத் தூளியில் இறக்கினோம் என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம், வயதும் காரணமும் மாதமும் போதும். பெண்களிடம் பெண் தோழர்தான் கேட்க வேண்டும்.

மருத்துவ மாணவர்களே, கையோடு பி.பி. பார்க்கிற கருவியும் சுகர் பார்க்கிற கருவியும் எடுத்து வாருங்கள். பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முகாம் நடத்திப் படம் எடுத்துப் போடுகிற வேலை வேண்டாம். மாத்திரை நிறுத்தியவர் யார் என்ற கணக்குதான் நமக்குத் தேவை.

தீர்மானத்தை நீட்டி முழக்காதீர்கள். இப்படி எழுதினால் போதும்: "எங்கள் குடியிருப்பிலிருந்து அருகிலுள்ள துணை சுகாதார நிலையம் கர்ப்பிணி நடை வேகத்தில் இத்தனை நிமிடத் தொலைவில் உள்ளது. 30 நிமிட நடைக்குள் துணை சுகாதார நிலையமும் அதில் செவிலியர் தங்கும் வீடும் அமைக்க வேண்டும். இதற்கான வனநிலம் தேவைப்படின் 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்கீழ் இக்கிராம சபை பரிந்துரைக்கிறது." நிமிடத்தை எண்ணாலும் எழுத்தாலும் போடுங்கள். இடத்தின் பெயரையும் எல்லையையும் குறிப்பிடுங்கள். பொருள் நிரலில் இல்லை என்று செயலர் சொன்னால், மக்கள் கொண்டுவரும் பொருளாக எடுக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. தனித்தாளில் எழுதிவிட்டுப் பிறகு புத்தகத்தில் ஏற்றிக்கொள்கிறோம் என்பார்கள், விடாதீர்கள். ஏறியதும் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 2 முடிந்து வருகிற முதல் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர், கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, நாமக்கல், ஈரோடு, நீலகிரி, எல்லா ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் நுழைகிறோம். ஊருக்கு இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். கையில் தீர்மான நகல் மூன்று: ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று மாவட்ட சுகாதார அலுவலருக்கு, ஒன்று மாவட்ட வன அலுவலருக்கு. மூன்றுக்கும் பதிவு எண்ணோடு ரசீது வாங்க வேண்டும். ஒவ்வொரு ஊரும் தங்கள் தூளிக் கழியையும் எடுத்து வாருங்கள். வாசலில் காவலர் தடுத்தால் கழிகளை மதில்மேல் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போங்கள். பேருந்துச் செலவுக்கு வட்டாரக் குழுவிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள். வண்டி ஏற்பாடு தெரியாமல் கடைசி நாளில் ஓட வேண்டாம்.